குளிரை மறந்த கணக்கு

எஃகுச் சங்கிலிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கண்ணிகள் கோத்த கன்வேயர் பெல்ட்டை நாடுவது உணவுப்பண்ட ஆலைகளில் இன்று நாகரிகமாகிவிட்டது. உஷ்ணத்தால் அது நீளும் அளவு விற்பவரின் பட்டியலிலேயே கணக்கிடப்பட்டிருப்பதால், மிஞ்சும் தொய்வை இழுப்புத் திருகு பார்த்துக்கொள்ளும் என்று அதன் ஆதரவாளர்கள் வாதிக்கிறார்கள். அவ்வாதம் இலங்கையின் ஊவாத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொருந்தாது என்பதே என் நெடுநாளைய அபிப்பிராயம்.

உண்மைதான், அப்பெல்ட் துருப்பிடிக்காது, பாரம் குறைவு, உடைந்த கண்ணியை மட்டும் கழற்றி மாற்றலாம். விருத்திக் கணக்கே போடாதிருந்த காலத்தைவிட ஒரு கணக்கேனும் இருப்பது நலமே.

ஆனால் அக்கணக்கு சூட்டை மட்டுமே அறியும், குளிரை அறியாது. எஃகு, ஒரு டிகிரிக்கு மீட்டரொன்றில் 0.012 மில்லிமீட்டர் நீளுமென்றால், இப்பெல்ட்டின் பிளாஸ்டிக்கான பொலிப்ரொப்பிலீன் அதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு நீளும். 90 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்காற்று புகும் ட்ரையரிலிருந்து விழும் தேயிலையைச் சுமக்கும், சுற்றளவு 20 மீட்டர் கொண்ட பெல்ட் ஒன்று, 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறுமாயின், 96 மில்லிமீட்டர் நீண்டுவிடும். தொய்வைக் கண்ட தொழிலாளி, தன் கடமையென்றே கருதித் திருகை முடுக்கி, உருளையை அதில் பாதியளவு, 48 மில்லிமீட்டர், பின்னுக்குத் தள்ளுவார். வேலை முடிந்து ட்ரையர் ஆறியபின், 1,200 மீட்டருக்கு மேலுள்ள பண்டாரவளையின் விடிகாலைக் குளிரிலே, பெல்ட் தன் பழைய நீளத்துக்கும் குறுகச் சுருங்கும். முடுக்கிய திருகோ அப்படியே நிற்கும். அந்தச் சுருக்கத்தின் விசை முழுவதும் கண்ணிகளைக் கோத்த ஊசிகளையும், அச்சையும், பெயரிங்கையும் நாள்தோறும் வதைக்கும். பின்னர் ஊசி முறிந்தால் பழி சுமப்பவர், படம் வரைந்தவரல்லர், திருகைத் தொட்டவரே. யந்திரம் நிர்மாணிப்பவர் தீர்க்கவேண்டிய பிரச்சினையைக் கூலிக்காரரின் கையில் ஒப்படைத்துவிட்டு, அதைக் கணக்கென்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

1924 இல் பதுளையை எட்டிய ரயில் பாதையில், தண்டவாளங்களுக்கிடையே விடும் இடைவெளி வெயிலுக்கும் பனிக்கும் ஒருங்கே இடம்கொடுப்பது. ரயில் ஓடும்போது யாரும் அதைத் திருகித் திருத்துவதில்லை. பெல்ட்டிலும் அந்நியமம் சாத்தியமே. திரும்பும் பக்கத்தில் பெல்ட் தானாகத் தொங்குவதற்கு இடம்விட்டாலோ, எடைக்கல் இழுக்கும் உருளையை அமைத்தாலோ, விருத்தியும் சங்கோசமும் மனிதக் கையின்றியே சமனாகும். அகலவாட்டிலும் இடம் வேண்டும்: ஒரு மீட்டர் அகலப் பெல்ட், அதே சூட்டில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விரிந்து பக்கத் தகடுகளை உரசும்.

ஆகவே, டீமேக்கர்களுக்கும் தோட்டத் துரைமார்க்கும் என் வேண்டுகோள் இது: பெல்ட் விற்க வருபவரிடம், அது எவ்வளவு நீளும் என்று கேட்பதோடு நில்லாதீர்கள், ஆறியபின் சுருங்கும்போது அந்த விசையை எது தாங்கும் என்றும் கேளுங்கள். திருகு என்பதே விடையானால், அந்த யந்திரத்தை வாங்காதீர்கள்.