சுமக்கும் அணி

கட்டடக் கலையை ஆராய்வோருள் சிலர், பரோக் பாணி என்றதும் முகஞ் சுளிப்பர். சுவரெல்லாம் சுதைப் பூ, விதானமெல்லாம் ஓவியம், எங்கு நோக்கினும் பொற்பூச்சு. உறுதிக்குச் சற்றும் உதவாத வெற்று ஆடம்பரம் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. இஃது எத்துணைப் பொருந்தும் என்பதை வியன்னா நகரத்துப் பெல்வதேர் மாளிகையைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இதனை எழுப்பியவர் சவாய் குலத்து இளவரசர் யூஜின். 1663இல் பாரிசில் பிறந்தவர். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி தம் படையில் இடந்தர மறுக்கவே, 1683இல் பேரரசர் லியோபோல்டிடம் சென்று சேர்ந்தார். 1697இல் சென்டாவிலும் 1717இல் பெல்கிரேடிலும் துருக்கியரை வென்றார். அவர்தம் கட்டடக் கலைஞர் ஹில்டபிராண்டு, 1716க்குள் சரிவின் அடியில் கீழ் மாளிகையையும், 1717 முதல் 1723 வரை உச்சியில் மேல் மாளிகையையும் கட்டினார். கீழது கோடையில் உறைவதற்கு. மேலது விருந்துக்கும் விழாவுக்கும். இடையே படிப்படியாய் இறங்கும் பூங்கா.

நமக்கு வேண்டியது மேல் மாளிகையின் தரைத்தளக் கூடமாகும். சாலா தெரெனா என்பது அதன் பெயர். கட்டி முடித்துப் பத்தாண்டு கழிவதற்குள் அஃது இடிந்து விழும் நிலையை எய்திற்று! 1732-33ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹில்டபிராண்டு வளைவு விதானம் அமைத்து, நடுவே நான்கு தூண்களை நிறுத்த நேர்ந்தது. வேறொருவராயின் வெறுந் தூண் நாட்டி, அதையும் திரையிட்டு மறைத்திருப்பார். இவரோ நான்கையும், வானைத் தோளில் தாங்குவதாகக் கிரேக்கர் கதை கூறும் அட்லசின் உருவங்களாக்கினார். தலை கவிழ்ந்து, தசை முறுக்கேறி நிற்கும் அவ்வுருவங்களைக் காண்போர், தொடக்கத்திலேயே திட்டமிட்டவை என்றே எண்ணுவர். பாரம் இன்னது என்று தூண் சொல்லாது, இவ்வுருவங்கள் சொல்லுகின்றன. பாரத்தின் கீழ் நின்றுவிட்டுப் படியேறி, இரு தளம் உயர்ந்த சலவைக்கல் மண்டபத்தை அடையும்போது, அதன் உயரம் இருமடங்காய்த் தோன்றும் என்பது என் கருத்து.

உவமையை வாக்கியத்தின்மேல் ஒட்டும் பூவாகவே மாணவர்க்குக் கற்பிக்கும் நம்மனோர்க்கு இக்கூடம் நல்லதொரு பாடம். உவமையை நீக்கினால் பொருளே சரிய வேண்டும்; அன்றேல் அஃது எதற்கு?

எனினும் குற்றச்சாட்டு முற்றும் பொய்யன்று. பெர்மோசர் 1718-21இல் செதுக்கிய யூஜினின் சலவைக்கல் சிலையைக் காண்க. புகழ்த் தெய்வம் எக்காளம் ஊத முயல, இளவரசர் அதன் வாயைக் கையால் பொத்துகிறார். அடக்கம் என்று இதைப் பாராட்டுவோர் உளர். காலடியில் தோற்ற துருக்கியன் கிடக்க, எக்காளத்தை மட்டும் பொத்துவது என்ன அடக்கமோ! இங்கே அணி சுமப்பது தற்புகழ்ச்சி ஒன்றையே.

மணஞ் செய்யாத யூஜின் 1736இல் உயில் எழுதாமலே மறைந்தார். சொத்தெல்லாம் உடன்பிறந்தார் மகள் விக்டோரியாவைச் சேர, அவர் ஒவ்வொன்றாய் விற்றார். மாளிகையை 1752இல் பேரரசி மரியா தெரேசா வாங்கினார். அரச குடும்பத்து ஓவியங்கள் அங்குக் கொணரப்பெற்று, 1781இல் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. இன்றும் அஃது ஓவியக் காட்சியகமே.

1955 மே 15ஆம் நாள், அதே சலவைக்கல் மண்டபத்தில் நான்கு வல்லரசுகளும் ஆஸ்திரியாவும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. பத்தாண்டுகளாக அந்நாட்டில் தங்கியிருந்த அயற்படைகள் அவ்வாண்டிலேயே வெளியேறின. ஒப்பமிட்டோர் தலைக்கு மேலே விதானத்தில், கார்லோனே தீட்டிய யூஜினின் வெற்றிப் புகழ் அப்படியே இருந்தது.