செண்டுமல்லியின் வயது

தக்காளி வயலுக்கு நடுவே செண்டுமல்லி மஞ்சளாய்ப் பூத்து நின்றால், அங்கே காய்ப்புழுவுக்குப் பொறி வைத்தாயிற்று என்று எண்ணிக்கொள்கிறோம். பல வயல்களில் அது வெறும் பூச்செடிதான். பொறிப்பயிர் என்ற அருமையான உத்தி உழவர்களிடம் செடியின் பெயராக மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை வேலை செய்யவைக்கும் நாள் கணக்கு வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து இடும். பொரித்த புழு காய்க்குள் தலையை நுழைத்துவிட்டால் மருந்து எட்டாது. ஒரே புழு பல காய்களைத் துளைத்துக் கெடுக்கும். ஆகவே, முட்டையிடும் இடத்தையே மாற்றிவிடலாம் என்ற யோசனை வலுவானது. பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இதற்கு ஒரு முறை வகுத்தது. 16 வரிசைத் தக்காளிக்கு 1 வரிசை உயரமான ஆப்பிரிக்கச் செண்டுமல்லி. நடவு ஒரே நாளில். ஆனால் தக்காளி நாற்றின் வயது 25 நாள், செண்டுமல்லி நாற்றின் வயது 40 நாள். அந்த 15 நாள் இடைவெளிதான் இந்த முறையின் உயிர். இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால்தான், மொட்டும் பூவும் தேடி வரும் அந்துப்பூச்சி செண்டுமல்லியைத் தேர்ந்தெடுக்கும். தக்காளி முந்திப் பூத்துவிட்டால் அதற்குப் போக்கிடம் தக்காளிதான்.

17 வரிசையில் ஒன்றை விட்டுக்கொடுப்பது சிறிய விலை. பூவிலும் காசு வரும். ஆனால் அந்தக் காசுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பூவுக்கு விலை இருக்கும்வரை பறிக்கிறோம். பூவோடு முட்டையும் இளம்புழுவும் வயலைவிட்டுப் போகின்றன. விலை சரிந்தால் பறிகூலிகூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறோம். அப்போது புழு அந்தப் பூக்களைத் தின்று கொழுத்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை அந்துப்பூச்சியாக எழும். பொறி வைத்த இடமே புழுவுக்கு நாற்றங்காலாகிவிடுகிறது.

பொறிப்பயிர்களில் ஆமணக்குதான் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது. மிளகாய் வயலின் வரப்போரத்தில் நட்ட ஆமணக்கின் அகன்ற இலையில் புரோடீனியா அந்துப்பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, பழுப்பு ரோமத்தால் மூடிவைக்கும். பொரித்த குஞ்சுப்புழுக்கள் கூட்டமாக இலையைச் சுரண்டி, சல்லடைபோல் ஆக்கும். கண் இருந்தால் போதும், இலையோடு கிள்ளி அழித்துவிடலாம். ஓர் இலையைக் கிள்ளினால் ஒரு குடும்பமே போயிற்று. செடியின் கவர்ச்சியோடு பூச்சியின் முட்டையிடும் பழக்கமும் நமக்குச் சாதகமாக இருப்பதால் கிடைக்கும் வெற்றி இது. ஆனாலும், யாராவது தினமும் வரப்பைச் சுற்றி வரவேண்டும்.

முட்டைக்கோசுக்குச் சொல்லப்படும் கடுகைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியவில்லை. 25 வரிசைக் கோசுக்கு இரண்டு வரிசைக் கடுகு. ஒரு வரிசை நடவுக்கு 15 நாள் முன்பும், மற்றது நடவுக்கு 25 நாள் கழித்தும் விதைக்கவேண்டும் என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகை நாடியதாக அங்கே கண்டார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்த சோதனையிலோ, கோசு தின்னும் புழுக்களுக்குக் கடுகு பொறியாக அமையவில்லை. ஓர் ஊரின் தட்பவெப்பத்திலும் ரகத்திலும் தேறியது எல்லா ஊருக்கும் பொருந்திவிடாது. இன்னொன்று: அன்று கடுகின் மேல் தெளிக்கச் சொன்ன டைக்குளோர்வாஸ் மருந்துக்கு இந்தியாவில் 2020 முடிவோடு தடை வந்துவிட்டது. பரிந்துரையைத் திருப்பிச் சொல்பவர்கள் கடுகை விதைக்கச் சொல்வதோடு, அதில் சேரும் புழுவை இப்போது என்ன செய்வது என்பதையும் கூடவே சொல்லவேண்டும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்து, வேப்பங்கொட்டைச் சாறு என்று வழிகள் இருக்கவே செய்கின்றன.

பொறிப்பயிர் என்பது, இடம் பார்த்து இறங்கும் பூச்சிக்கு மட்டுமே பொறி. காற்றின் போக்கில் வந்து விழுந்து, வைரஸையும் பரப்பிவிடும் சிறு பூச்சிகளிடம் அதன் கை ஓங்காது. அவற்றுக்காக வரப்பில் நெருக்கி விதைக்கும் மக்காச்சோளம் தடுப்புப்பயிர். அதையும் பொறிப்பயிர் என்றே சிலர் எழுதிவிடுகிறார்கள். கத்தரியின் தண்டு, காய்த் துளைப்பான் பெரும்பாலும் கத்தரியையே நம்பி வாழ்வது. அதை வேறு எந்தச் செடியைக் காட்டி இழுப்பது? நம் காய்கறிகளில் மருந்துத் தெளிப்பு மிக அதிகமாக நடக்கும் ஒரு பயிரில், இந்த உத்தியால் கைகொடுக்க முடியவில்லை என்பது வருத்தம் தருகிறது.

தக்காளிக்கு வருவோம். இன்று பெரும்பாலோர் நாற்றை வீட்டில் விடுவதில்லை. நிழல்வலை நாற்றுப்பண்ணையில் குழித்தட்டு நாற்றாக வாங்குகிறார்கள். செண்டுமல்லியையும் அதே நாளில், ஏறக்குறைய அதே வயதில் ஏற்றிவருகிறார்கள். 15 நாள் கணக்கு அந்த இடத்திலேயே தவறிவிடுகிறது. இதில் உழவரைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. நாற்றுப்பண்ணைக்காரர் தக்காளிக்கு முன்பே சில தட்டுகளில் செண்டுமல்லி விதைத்து, 16க்கு 1 என்ற கணக்கில் சேர்த்தே கொடுக்கலாம். முன்பதிவு செய்யும்போதே நாமும் அதைக் கேட்டு வாங்கலாம்: “தக்காளி 25 நாள், செண்டுமல்லி 40 நாள்.”