பெயர் சுட்டா முகங்கள்: ஆகஸ்ட் சாண்டரின் ஒளிப்படத் தொகை

மக்களின் அன்றாட வாழ்க்கையை ஒளிப்படத்தில் பதிந்து வைத்தோர் பலர். அவருள், தம் காலத்து மக்களை உழவர் முதல் ஆதரவற்றோர் ஈறாக வகைப்படுத்தி ஒரு தொகையாக்க முயன்றவர் ஜெர்மானியராகிய ஆகஸ்ட் சாண்டர் (1876–1964). ‘20ஆம் நூற்றாண்டின் மக்கள்’ என்று தாம் பெயரிட்ட அப்பெருந்தொகையை அவர் தம் வாழ்நாளில் முடித்தாரல்லர். இலக்கிய ஆய்வு வெளிவரும் இதழில் ஒளிப்படக்காரர்க்கு இடம் யாது என்று வினவுவாரும் உளர். தொகுத்தலையும், திணை துறை வகுத்தலையும் புலமைத் தொழிலாகக் கொண்ட மொழியில் பயில்வார்க்கு இத்தொகை அயலானதன்று என்பதே எம் விடை.

சாண்டர் ஹெர்டார்ஃப் என்னும் சுரங்க ஊரிற் பிறந்தவர். தந்தையார் சுரங்கத் தச்சர். இளமையில் சுரங்கத்தில் வேலை செய்த காலத்திலேயே அவர் ஒளிப்படக் கருவியை முதன்முதலிற் கண்டார். 1910ஆம் ஆண்டளவில் கொலோன் நகரில் படநிலையம் அமைத்தார். அங்கு வருவோர் போதாமையின், அயலிலுள்ள வெஸ்டர்வால்ட் மலைப்புறத்து ஊர்களுக்கு மிதிவண்டியிற் சென்று உழவர் குடும்பங்களைப் படம் எடுத்தார். வயிற்றுப்பாட்டின் பொருட்டுச் சென்ற அச்செலவே பின்னர்ப் பெருந்தொகைக்கு வித்தாயிற்று. 1920-களில் அவர் வகுத்த திட்டப்படி தொகை ஏழு பிரிவினது: உழவர், கைவினைஞர், பெண்டிர், வகுப்புகளும் தொழில்களும், கலைஞர், பெருநகர், இறுதி மாந்தர். 1929இல் அதன் முன்னோடியாக 60 படங்கள் கொண்ட ‘காலத்தின் முகம்’ என்னும் நூல், ஆல்ஃபிரட் டோப்ளின் என்ற நாவலாசிரியரின் முன்னுரையுடன் வெளிவந்தது.

அந்நூலின் படங்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு முதலிற் புலனாவது, கண்ணாடித் தகட்டில் சில நொடி ஒளி படியும்வரை அசையாது நிற்கும் மனிதரின் நிலை. அவர்கள் நகைப்பதில்லை, நம்மையே நேர்நின்று பார்க்கின்றனர். 1928ஆம் ஆண்டுப் படமொன்றில், வெள்ளை மேலங்கி அணிந்த பருத்த உடலினரான இனிப்பு அப்பம் செய்வோர் தம் சமையற்கூடத்தில் பெரிய கலத்துடன் நிற்கின்றார். அதே ஆண்டில் எடுத்த பிறிதொரு படத்தில் கட்டடக் கூலியாள் தோளில் செங்கற் சுமையைத் தாங்கியவாறு நிற்கின்றார். கலமும் செங்கல்லும் வெறும் அணிப்பொருள்கள் அல்ல. தொல்காப்பியர் முதல், கரு, உரி எனப் பகுத்தாருள் கருப்பொருள் ஆற்றும் பணியையே இவை ஆற்றுகின்றன. மாந்தர் இன்ன நிலத்தார், இன்ன தொழிலார் என்பதை உரையின்றியே உணர்த்துகின்றன.

இக்கண்கொண்டு அந்நூலின் இறுதிப் படத்தை நோக்குக. வேலையற்றவர் ஒருவர் கொலோன் நகரத் தெருமுனையில் சுவரோரமாக நிற்கின்றார். மழித்த தலை, கையில் கழற்றிய தொப்பி. பிறர் கையில் எல்லாம் தொழிற்கருவி இருக்க, இவர் கையில் தொப்பி மட்டுமே உண்டு. கருப்பொருளைப் பறித்துவிட்டாலும் உரிப்பொருள் நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாம் கண்டிலேம். தொகுப்பாசிரியர் இப்படத்தை ஈற்றில் வைத்தமை அவர்தம் தொகைநெறியை நன்கு விளக்கும்.

இனி, ஒரு சிக்கல். சாண்டர் தம் படங்களுட் பெரும்பாலானவற்றிற்குப் பெயரிடுங்கால் மனிதரின் இயற்பெயரைக் கூறுவதில்லை. தொழிலையோ நிலையையோ மட்டும் கூறுவர். அன்பின் ஐந்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்ற நம் இலக்கண விதியை இஃது ஒத்துளது. பெயர் நீங்கிய வழியே தலைவன் எல்லாத் தலைவனும் ஆகின்றான். ஆயின் இயற்பெயரை நீக்கி வகைப்பெயரை ஒட்டுதல் வேறு. பெயரே இன்றி விடுதல் வேறு. அகத்தில் நிகழ்வது பின்னது. சாண்டர் செய்தது முன்னது. இவ்வேற்றுமையைப் பலர் கருதுவதில்லை.

அதன் விளைவை 1914இல் எடுத்த ‘இளம் உழவர்’ படம் காட்டும். கரிய மேலாடையும் தொப்பியும் கைத்தடியுமாக இளைஞர் மூவர், ஆடல் விழாவிற்குச் செல்லும் வழியில் திரும்பிப் பார்க்கின்றனர். ஒருவர் வாயில் வெண்சுருட்டு. ஜான் பெர்ஜர் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர், நகரத்தார்க்கென அமைந்த அவ்வுடை உழைப்பால் உருவான உழவர் உடலுக்குப் பொருந்தாமையைக் கண்டு விரிவாக எழுதினார். கட்டுரை கூரியது, ஐயமில்லை. ஆனால் அண்மை ஆய்வு, அம்மூவரும் உழவரே அல்லர், ஊர்ச் சுரங்கத் தொழிலைச் சார்ந்தவர் என்று காட்டியுளது. அவருள் ஒருவர் முதல் உலகப்போரில் மாண்டார். சுரங்கத்திற் பிறந்து வளர்ந்த சாண்டரே சுரங்கத்தாரை உழவர் என்று குறித்துவிட்டார்! தலைப்பை நம்பி உடலைப் படித்த திறனாய்வும் உடன் வழுவிற்று. துறைக்குறிப்பை நம்பிப் பாட்டிற்குப் பொருள் கொள்ளும் நாமும் சிறிது தயங்குதல் நன்று.

பெண்டிர் பிரிவு இன்னும் குறையுடையது. அங்குப் பெண்டிருட் பலர் மனைவியராகவும் தாயராகவுமே நிற்கின்றனர். 1926இல் எடுத்த படமொன்றில் குட்டை முடியும் காற்சட்டையும் வெண்சுருட்டுமாகத் தனித்த மிடுக்குடன் நிற்பவரும் ‘ஓவியர் மனைவி’ என்றே குறிக்கப்படுகின்றார். படம் கூறுவதைத் தலைப்பு மறுக்கின்றது. யாம் படத்தின் பக்கமே நிற்போம்.

வகைப்படுத்தலால் நேரும் தீங்கு அக்காலத்து ஜெர்மனியில் ஏட்டளவில் நின்றிலது. முகத்தைக் கொண்டு மனிதரைத் தரம் பிரித்தல் நாஜியரின் கொள்கையாயிற்று. 1936இல் ‘காலத்தின் முகம்’ நூலின் அச்சுத் தகடுகளை அவ்வரசு அழித்தது. சாண்டரின் மகனார் எரிக், அரசியற் காரணத்தால் 1934இல் சிறைப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனை பெற்று, அது முடியும் தறுவாயில் 1944இல் சிறையிலேயே இறந்தார். 1946இல் கொலோன் நிலவறையில் பற்றிய தீயில் பல்லாயிரம் எதிர்ப்படங்கள் எரிந்தன. எஞ்சியவற்றைக் கொண்டு 2002இல் 619 படங்கள் ஏழு தொகுதியாக வெளிவந்தன.

சாண்டரின் வகைப்பாடும் நாஜியர் வகைப்பாடும் ஒன்றே எனச் சிலர் கூறலாம். யாம் உடன்படோம். சாண்டரின் தொகையில் நாஜிப் படையினரும் உளர். 1938ஆம் ஆண்டளவில் அடையாளச் சீட்டிற்காகப் படம் எடுக்க வந்த கொலோன் யூதரும் ‘ஒடுக்கப்பட்டோர்’ என்ற தலைப்பில் உளர். இரு சாராரும் ஒரே தொகையில், ஒரே அமைதியுடன் நோக்கப்படுகின்றனர். இனத்தால் உயர்வு தாழ்வு கற்பித்தல் அங்கு இல்லை.

எனினும், ‘ஒடுக்கப்பட்டோர்’ என்னும் பெயரே அம்முகங்களுக்குப் போதுமா? நடுகல்லில் மாண்டார் பெயரைப் பொறிப்பது நம் மரபு. அகத்தில் விலக்கப்பட்ட பெயர் புறத்தில் வேண்டப்படுகின்றது. அந்த யூதர்தம் பெயர்களுட் சிலவற்றை ஆய்வாளர் அண்மையில் தேடிக் கண்டு படத்துடன் சேர்த்துள்ளனர். உழவர் படத்திற் பெயரின்மை பொதுமை தரும்; ஒடுக்கப்பட்டார் படத்தில் அஃது அழித்தோர் செயலுக்குத் துணையாகும் இடமும் உண்டு. சாண்டரின் நெறியில் யாம் காணும் பெருங்குறை இதுவே.

ஆயின் அவர் தம் நெறியைத் தமக்காகத் தளர்த்தினார் என்று கூறவும் இயலாது. சிறை அறையில் மேசை முன் அமர்ந்திருக்கும் எரிக்கின் 1943ஆம் ஆண்டுப் படமும் தொகையில் உளது. தம் மகனார்க்கும் தந்தையார் வைத்த தலைப்பு ‘அரசியற் கைதி’ என்பதே.