தரச் சான்றிதழும் வானின் பின் ஆசனமும்

கொழும்பு வெள்ளவத்தையில் சங்கீதமோ வீணையோ மிருதங்கமோ கீபோட்டோ எதுவும் படிக்காத தமிழ்ப் பிள்ளையைக் காண்பது அரிது. படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் கட்டிய பிறகு வீட்டில் தானாகப் பாடிக்கொண்டோ வாசித்துக்கொண்டோ இருக்கும் ஒருவரைக் காண்பது அதைவிட அரிது. இவ்வளவு இசை படிக்கும் ஓர் ஊரில் படிப்பு நின்றதும் இசையும் ஏன் நின்றுவிடுகிறது? பிள்ளைகளின் சோம்பலை இதற்குக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நாம் இசையைப் பொழுதுபோக்காகப் பழக்கும் முறையிலேயே காரணம் இருக்கிறது.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தொடங்கியது. அதன் தரப் பரீட்சைகளைப் படிப்படியாக ஏறி, ஆசிரியர் தரத்தில் சித்தியடைந்தால் ‘கலாவித்தகர்’ பட்டம். மேல்நாட்டு இசை படிப்பவர்களுக்கு லண்டன் டிரினிட்டிக் கல்லூரியின் தரங்கள் இருக்கின்றன. ரீச்சர் வீட்டு முன் விறாந்தையில் பாய் விரித்து, வாரத்தில் ஓரிரு மாலை வகுப்பு. வீட்டில் அம்மா பக்கத்தில் இருந்து சாதகம் செய்விப்பார். அடுத்த தரம், அதற்கடுத்த தரம், முடிவில் வசதியுள்ளவர்களுக்கு அரங்கேற்றம்.

இதை வெறும் சான்றிதழ் மோகம் என்று ஒதுக்குபவர்கள் இந்த ஊர் வந்த வழியை மறந்து பேசுகிறார்கள். 1990 ஜூனில் யாழ்ப்பாண ரயில் நின்றது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது 2014 அக்டோபரில். இடையில் ஏ-9 வீதியும் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. அந்த ஆண்டுகளில் வடக்கிலிருந்து ஒரு பெட்டியோடு கொழும்புக்கு வந்து, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொடர்மாடிகளில் வாடகைக்கு இருந்த குடும்பங்களுக்கு, விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்த ஒரு சில விஷயங்களில் இந்தப் பாடத்திட்டம் ஒன்று. உரும்பிராயில் மூன்றாம் தரம் படித்த பிள்ளை வெள்ளவத்தையில் நான்காம் தரம் படிக்கலாம். பிறகு குடும்பம் ரொறன்ரோவுக்குப் போனால் அங்கேயும் தொடரலாம். இசை தெரிந்த பல பெண்களுக்கு வீட்டை விட்டு வெளியே போகாமல் ஒரு வருமானமும், அதோடு ‘ரீச்சர்’ என்ற மதிப்பும் கிடைத்தன. ஊர் இழந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

கல்வியின் தரத்திலும் குறை சொல்ல இடமில்லை. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையோடு தொடங்கி, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஏறும் அப்பியாச கானம், காதையும் தொண்டையையும் நிமிர்த்தி வைக்கும். ஐந்தாறு வருடம் ஒழுங்காகப் படித்த பிள்ளை சுருதி விலகினால் உடனே முகம் சுளிக்கும். தாளம் கையில் ஏறியிருக்கும். மிருதங்கம் படித்த பையனிடம் ஒரு டோல்கியைக் கொடுத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் பைலாத் தாளம் போடுவான். அது யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல, விரலில் ஏற்கெனவே இருந்தது.

பலவீனம் அதற்குப் பிறகு வருகிறது, அதுவும் மரபின் நடு உயிரிலேயே வருகிறது. கர்நாடக சங்கீதத்தில் மனோதர்மம் என்று ஒரு பெரும் பகுதி இருக்கிறது: ஆலாபனை, நிரவல், கற்பனைசுரம். பாடுபவர் அந்தக் கணத்தில் தானாக உருவாக்க வேண்டியவை. நமது வகுப்புகள் பலவற்றில் அந்தக் கற்பனைசுரம் கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறது. ரீச்சர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை மனனம் செய்யும், பரீட்சகர் முன் அப்படியே ஒப்புவிக்கும். மார்க்ஸ் கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு சுரத்தைக்கூடத் தான் தெரிந்தெடுத்துப் பாடியிருக்காது. ரீச்சரைக் குறை கூறவும் முடியாது: வாரத்தில் ஒரு மணித்தியாலம், வகுப்பில் பத்துப் பிள்ளை, வாசலில் ‘எத்தினையாம் தரம் எடுக்கிறா?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும் பெற்றோர். தவறிப் பாடிப் பார்த்துத் திருத்திக்கொள்ள நேரம் எங்கே? பிறகு சாதாரண தரம் வந்ததும் ரியூசன் மாலைகளை எடுத்துக்கொள்ளும், வீணை உறைக்குள் போகும். உயர்தரம் முடிந்து அதை வெளியே எடுக்கும்போது தந்தி துருப்பிடித்திருக்கும். எடுக்கச் சொல்லி இனி எந்தப் பரீட்சையும் இல்லை.

இதற்கு நேரெதிரான ஒரு பழக்கம் இதே நாட்டுத் தமிழரிடம் இருந்தது. 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் வளர்ந்த ஈழத்துப் பொப்பிசை வகுப்பில் பிறக்கவில்லை. நித்தி கனகரத்தினம் விவசாயம் படித்தவர், தொழிலும் அந்தத் துறையில்தான். கையில் கிற்றாரோடு, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில், பைலாவின் ஆட்டத் தாளத்தில் ‘சின்ன மாமியே’யும் ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’யும் பாடினார். திருகோணமலையில் பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் தங்களுக்கென்று ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைப் பாடி ஊரெல்லாம் கொண்டுபோனார், 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதை எடுத்தாண்ட பிறகு தமிழ்நாடும் அதைத் தன் பாட்டாக நினைத்துக்கொண்டது. இலங்கை வானொலி இவற்றை ஒலிபரப்பியது. வீட்டு விறாந்தையிலும் நண்பர் கூட்டத்திலும் பாடத்தக்க ஓர் இசை நாடு முழுவதும் கேட்டது.

அந்த இசைக்குச் சொந்தக் குரல் இருந்தது. மாமியும் மச்சாளும் கள்ளுக்கொட்டிலும் நமது சொல்லில், நமது இழுப்பில் வந்தார்கள். சென்னை சினிமாத் தமிழுக்குப் பணியாத ஒரு பாட்டு மொழி அது. இதற்காகவே அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், அதன் எல்லைகள் சீக்கிரமே வந்துவிட்டன. சில தாளக் கட்டுகளும் சில சுரக்கூட்டுகளும் திரும்பத் திரும்ப வந்தன. பெண்களைப் பற்றிய பகிடி சீக்கிரம் பழசாகிவிட்டது. அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க ஒரு முறை உருவாகவில்லை. பாடியவர்கள் நாட்டை விட்டுப் போனபோது பாட்டும் ஒலிநாடாவுக்குள் அடங்கிவிட்டது. 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமானபோது இங்கே எல்லோரும் அதே பழைய சில பாட்டுகளைத்தான் நினைவுகூர்ந்தோம். சங்கீத வகுப்பில் மிதமிஞ்சி இருக்கும் ஒழுங்கு அங்கே போதாமல் போயிற்று.

பொப்பிசையின் மிச்சம் இன்று உயிரோடிருப்பது பயணத்தில். கதிர்காமத்துக்கோ நுவரெலியாவுக்கோ, ஆவணியில் நல்லூருக்கோ ஒரு வான் புறப்பட்டால், அவிசாவளையோ புத்தளமோ தாண்டுவதற்குள் பின் ஆசனத்தில் தாளம் தொடங்கிவிடும். டோல்கி இல்லாவிட்டால் தண்ணீர்ப் போத்தல், ஆசனத்தின் முதுகு. பாட்டுத் தெரியாதவரும் கைதட்டுவார், பெரியம்மாவும் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார். இதில் கேட்பவர், பாடுபவர் என்ற பிரிவே கிடையாது. பரீட்சை மண்டபத்தில் கிடைக்காதது அந்த விடுதலைதான். சிங்கள இளைஞர்கள் மலைநாட்டு ரயிலின் கதவடியில் செய்வதும் இதையே. அவர்களிடமிருந்து நாமும் நம்மிடமிருந்து அவர்களும் எடுத்துக்கொண்டது நிறைய.

ஆனால் வானுக்குள் கூர்ந்து கவனித்தால் ஒன்று உறுத்தும். பின் ஆசனத்தில் பாட்டைத் தொடங்குபவர்கள் ஆண்கள். ஆறாம் தரம் வரை வாய்ப்பாட்டு படித்த அக்கா முன் ஆசனத்தில் மிக்சர் பொதியைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். வானில் இருப்பவர்களில் நல்ல சுருதிக்காரி அவள்தான். அவளைப் பாடச் சொன்னால், எல்லோரும் அமைதியாகி, ஒரு கீர்த்தனையைப் பாடவைத்து, கைதட்டி, திரும்பவும் பைலாவுக்குப் போய்விடுவார்கள். அவள் படித்த இசைக்கும் அவளது கூட்டம் கொண்டாடும் இசைக்கும் இடையில் பாலம் போட அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது புளூடூத் ஸ்பீக்கர் வேறு வந்துவிட்டது. அது ஓங்கினால் போத்தல் தாளமும் நின்றுவிடுகிறது.

பயணம் தரக்கூடிய மற்றொன்றையும் நாம் வழியிலேயே விட்டுவிட்டு வருகிறோம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வர, தவில் குடும்பங்களின் ஊர்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) வாசித்த மண். நம் வான் கோயிலுக்குப் போகும், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும், ஐஸ்கிறீம் கடைக்குப் போகும். மிருதங்கம் படிக்கும் பையனை ஒரு தவில்காரரின் அருகில் அரை மணித்தியாலம் இருத்திவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. மாசி, பங்குனியில் மலையகத்துத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறார்கள், தப்பு முழங்குகிறது. அந்த லயன்களைத் தாண்டித்தான் நுவரெலியாவுக்குப் போகிறோம், நிறுத்துவதில்லை. மட்டக்களப்பின் கூத்து மத்தளம் இன்னும் தூரம். தன் நாட்டுக்குள்ளேயே இத்தனை தாளங்களைக் கேட்காத ஒரு பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு மெட்டு எங்கிருந்து வரும்?

கொட்டாஞ்சேனையைப் பார்த்தால் வேறொரு விடை தெரிகிறது. அங்கே கத்தோலிக்கக் குடும்பங்களில் நாற்பது வயதிலும் கிற்றார் வாசிக்கும் ஆட்களைக் காணலாம். அவர்கள் நம்மைவிட அதிகம் படித்தவர்கள் அல்லர். ஆனால் ஞாயிறுதோறும் பூசையில் பாடகர் குழுவுக்கு ஆள் வேண்டும், டிசம்பரில் வீடு வீடாகக் கரோல் போக வேண்டும், மடுவுக்கும் தலவிலுக்கும் போகும் பஸ்ஸில் பாட வேண்டும். இசை தெரிந்த பெரியவருக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளவத்தையில் மார்கழித் திருவெம்பாவையையும் இங்கொன்று அங்கொன்றாக நடக்கும் பஜனைகளையும் விட்டால், ஆறாம் தரம் முடித்தவருக்கு அந்த வேலை இல்லை. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இலிருந்து இருக்கிறது, இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் இருக்கிறது, பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம் இருக்கிறது. அரங்கேற்றத்துக்கு எத்தனையோ குடும்பங்கள் மண்டபம் எடுக்கின்றன. பத்துப் பேர் வட்டமாக இருந்து, சரியும் பிழையுமாக வாசித்துப் பழக ஒரு மாலை தேவை என்று யாரும் கேட்பதில்லை.

பரீட்சையை ஒழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அது இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் இரண்டாம் வருடமே நின்றுவிடுவார்கள். ஆனால் பரீட்சைக்குள் சொந்த ஆக்கத்துக்கு இடம் வைக்கலாம். டிரினிட்டித் தரப் பரீட்சையில் முன்கூட்டித் தயாரிக்காமல் வாசிப்பதை ஒரு தெரிவாகவே வைத்திருக்கிறார்கள். மேல்மாடியில் பியானோ படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தெரிவு இருக்கும்போது, மனோதர்மத்தை மகுடமாக வைத்த மரபைப் படிக்கும் கீழ்மாடிப் பிள்ளைக்கு மனனம் மட்டும் போதும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. கொப்பியைப் பார்க்காமல் மோகனத்தில் நான்கு ஆவர்த்தனம் பாடச் சொல்லி, அதற்கும் மார்க்ஸ் போட்டால் வகுப்புகள் ஒரே வருடத்தில் மாறும். பெற்றோரும் ரீச்சரும் மார்க்ஸ் எங்கே கிடைக்கிறதோ அங்கே போவார்கள் என்பதை இத்தனை வருடமாகப் பார்த்துவிட்டோம்.

வீட்டில் செய்யக்கூடியதற்குச் சங்கீத சபையின் அனுமதியும் தேவையில்லை. அடுத்த ஆவணியில் வான் பிடிக்கும்போது வயலினையும் ஏற்றுங்கள். பைலாத் தாளத்துக்கு மேல் அதை வாசிக்க அந்தப் பிள்ளை முதலில் வெட்கப்படும், ஓரிரண்டு தரம் பிழைக்கும். யாரும் திருத்த வேண்டாம், வீடியோவும் எடுக்க வேண்டாம். புத்தளத்திலிருந்து அனுராதபுரம் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. ஒரு மெட்டைத் தேடிப் பிடிக்க அவ்வளவு நேரம் போதும்.