செப்பேடு பேசுவதும் பேசாததும்

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் திருவாலங்காடு என்றொரு நிலையம் உண்டு. காரைக்கால் அம்மையாரால் புகழ்பெற்ற ஊர் அது. அதை அடுத்த பழையனூரை நீலியின் கதையால் நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1905-ஆம் ஆண்டில் திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேடுகள் சோழர் வரலாற்றுக்கு ஒரு தூண் போன்றவை. இராசேந்திர சோழனின் முத்திரை பதித்த வளையத்தில் கோத்த 31 ஏடுகள் அவை. 1920-இல் கிருஷ்ண சாஸ்திரி அவற்றைப் பதிப்பித்து வெளியிட்டார்.

இராசேந்திரன் கடாரம் வென்றான் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அதற்குச் சான்றாகக் காட்டப்படுபவற்றுள் திருவாலங்காட்டுச் செப்பேடும் ஒன்று. இராசராசன் காலத்தில் இலங்கை வெல்லப்பட்ட செய்தியும் இதில் உண்டு. எனவே கடலுக்கு அப்பால் வாழ்ந்த தீவு மக்களின் வரலாற்றை எழுதுவோரும் இந்த ஏடுகளையே நாடி வருகின்றனர். அவர்களுக்கு இவை எந்த அளவுக்கு உதவும்? இதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் செம்பைப் பற்றிச் சில சொற்கள். ஓலை சில நூற்றாண்டுகளில் செல்லரித்துப் போகும். செம்பு அப்படியன்று. காற்றிலுள்ள ஆக்சிசனோடு சேர்ந்து அதன் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. ஈரமும் கார்பன்-டை-ஆக்சைடும் சேரும்போது பச்சைக் களிம்பு படர்கிறது. இக்களிம்பு பெரும்பாலும் உள்ளிருக்கும் உலோகத்துக்குக் கவசமாகிவிடுகிறது. செம்பு மென்மையானதாகையால் உளியால் எழுத்து வெட்டுவதும் எளிது. ஏடுகள் ஒன்றோடொன்று உரசி எழுத்து தேயாதிருக்க விளிம்பைச் சற்றே உயர்த்தி அமைப்பதும் உண்டு. வளையத்தின் முனைகளை முத்திரையால் பிணைத்துவிட்டால் பிறகு எவரும் ஓர் ஏட்டைக் களவாக நுழைக்கவோ உருவவோ இயலாது.

ஆனால் செம்புக்கு ஒரு பகை உண்டு, அது உலைக்களம். சுமார் 1085 பாகை செல்சியசில் செம்பு உருகிவிடும். உருக்கினால் குடமாகும், தவலையாகும். ஆகவே எவரேனும் காத்து வைத்த ஏடுகளும் மண்ணுக்குள் மறைந்த ஏடுகளுமே நம் கைக்கு வந்துள்ளன. ஏட்டைக் காத்தவர் யார்? அதனால் நிலமும் உரிமையும் பெற்றவர். இதை நினைவில் வைத்துக்கொண்டு ஏட்டைப் பிரிப்போம்.

திருவாலங்காட்டு ஏடுகளில் இரண்டு நூல்கள் இருக்கின்றன எனலாம். முதல் 10 ஏடுகள் வடமொழிச் செய்யுள். அதை யாத்தவர் நாராயணர் என்னும் புலவர். எஞ்சிய 21 ஏடுகள் தமிழ் உரைநடை. பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாக வழங்கிய அரசாணை அது. ஆணை பிறந்தது இராசேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1018-இல்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். வடமொழிப் பகுதி கங்கைப் படையெடுப்பையும் கடார வெற்றியையும் பாடுகிறது. கடாரப் படையெடுப்போ 1025-ஐ ஒட்டி நிகழ்ந்தது. 1018-இல் எழுந்த ஆணையில் 1025-இன் வெற்றி எவ்வாறு இடம்பெறும்? செய்யுட் பகுதி பிற்காலத்தில் இயற்றிச் சேர்க்கப்பட்டது என்பதே அறிஞர்கள் காட்டும் விடை. இதனால் ஏடு பொய்யாகிவிடாது. ஆனால் ஒரே வளையத்தில் கோத்தவை யாவும் ஒரே காலத்தவை, ஒரே நோக்கத்தவை என்று கொள்வது தவறு என்பது தெளிவாகிறது.

நோக்கம் எவ்வாறு வேறுபடுகிறது என்று பாருங்கள். தமிழ்ப் பகுதியை எழுதிய அதிகாரிகள் மிகுந்த எச்சரிக்கையுடன் எழுதியிருக்கிறார்கள். அரசன் வாய்மொழியாக இட்ட ஆணை ஓலையில் ஏறுகிறது, அதிகாரிகள் ஒப்புகிறார்கள், வரிக் கணக்கில் பதிகிறார்கள். பிறகு பெண் யானையை நடத்தி ஊரைச் சுற்றி வந்து எல்லை வகுக்கிறார்கள். வாய்க்கால், ஏரி, மேடு, அடுத்த ஊர் என்று எல்லை அடி அடியாக விரிகிறது. ஏன் இவ்வளவு நுணுக்கம்? எல்லையில் ஒரு கோல் பிசகினால் மறுநாளே அண்டை ஊரார் வழக்குக்கு வந்து நிற்பர். பொய் எழுதினால் கண்டுபிடிக்க ஆள் இருந்தது. அதனால்தான் இப்பகுதி நம்பத் தகுந்தது.

செய்யுட் பகுதிக்கு அத்தகைய காவல் இல்லை. இலங்கை வெற்றியைப் பாடும் புலவர் அதை இராமாயணத்தோடு ஒப்பிடுகிறார். இராமன் வானரங்களின் துணையோடு அணை கட்டி அரும்பாடுபட்டு வென்றான். சோழ மன்னனின் தளபதியோ கப்பலிலேயே கடலைக் கடந்து இலங்கை வேந்தனை எரித்தான். ஆகையால் இவன் இராமனையும் விஞ்சியவன் என்பது அவர் கருத்து. கற்பனை அழகியதே. ஆனால் இலங்கையில் எந்த ஊர் எரிந்தது, எத்தனை குடிகள் பெயர்ந்தன என்று கேட்டால் செய்யுளில் விடை இல்லை. கடார வெற்றியோ ஒரே ஒரு பாட்டில் முடிந்துவிடுகிறது. காஞ்சியை அடுத்த நாட்டில் வாழ்ந்தவர்களுள் கடாரத்துக்குச் சென்று அதைச் சரிபார்த்து வரக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

தமிழ்ப் பகுதியிலும் தீவு மக்கள் ஓரிடத்தில் தலைகாட்டுகின்றனர். அதுவும் ஓர் ஊர்ப் பெயரில். பழையனூரை முன்பு அனுபவித்து வந்த பிரமதேயத்தின் பெயர் சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலம். சிங்களருக்கு எமனானவன் என்ற பட்டத்தால் ஏற்பட்ட பெயர் அது. வென்றவர் தம் ஊருக்குச் சூட்டிய பெயரில் தோற்றவரின் பெயர் எஞ்சியிருக்கிறது. அதற்கு மேல் அவர்களைப் பற்றி ஏடு பேசவில்லை.

அப்படியானால் தோற்றவர் என்ன சொன்னார்கள்? இலங்கையின் தென் பகுதியில் பனாகடுவ என்னுமிடத்தில் 1948-இல் மூன்று செப்பேடுகள் கிடைத்தன. அறிஞர் பரணவிதான அவற்றை ஆராய்ந்து பதிப்பித்தார். சோழரை வென்று 1070-இல் பொலன்னறுவையைக் கைப்பற்றிய முதலாம் விசயபாகு தம் 27-ஆம் ஆட்சியாண்டில் வெளியிட்ட சிங்கள ஆணை அது. புதல்னா என்ற தலைவருக்கு அவர் நன்றி செலுத்துகிறார். தமிழர் படைக்கு அஞ்சித் தம் தந்தை உட்பட அரச குடும்பமே காட்டில் மறைந்திருந்த நாட்களில் கிழங்கும் கீரையும் தேடிக் கொடுத்துக் காத்தவர் இவர் என்கிறது அந்த ஏடு. அந்த நன்றிக்காக அவருடைய வழித்தோன்றல்கள் குற்றம் செய்தாலும் மன்னிக்க வேண்டும் என்று ஆணையிடுகிறது.

இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திருவாலங்காட்டு ஏட்டில் கப்பல், நெருப்பு, புகழ். பனாகடுவ ஏட்டில் காடு, கிழங்கு, அச்சம். ஒரே நூற்றாண்டின் இரு கரைகள் இவை. முதலாவதை மட்டும் படித்தவன் வெற்றியை அறிவான். போரை அறிய மாட்டான்.

தீவினர் எழுதிய ஏடு என்பதற்காக அதையும் அப்படியே நம்பிவிடலாமா? அதுவும் கூடாது. இங்குதான் மாலைத்தீவுச் செப்பேடுகள் நமக்கு நல்ல பாடம் புகட்டுகின்றன. முந்நீரில் உள்ள பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாக இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறுவது மாலைத்தீவுகளையே குறிக்கும் என்பர். தீவுகளின் எண்ணிக்கை உண்மையில் ஏறத்தாழ 1,200 தான். பன்னீராயிரம் என்பது கணக்கன்று; கடலைக் கண்டு வியந்தவர் சொன்ன சொல்.

அம்மக்களின் சொந்த ஏடுகளுக்கு லோமாபானு என்று பெயர். இஸ்து, தம்பிது போன்ற தென்பகுதித் தீவுகளைச் சேர்ந்த ஏடுகள் 1194, 1195-ஆம் ஆண்டுகளை ஒட்டியவை. மாலைத்தீவு மன்னர் 1153-இல் இசுலாத்தைத் தழுவினார் என்பது மரபு. மன்னர் ஒரு பெரியவரின் அறிவுரையைக் கேட்டு மனம் மாறினார். மக்களும் மாறினர் என்று பிற்கால நூல்கள் கதையை இனிதாக முடித்துவிடும். செப்பேடு காட்டும் காட்சி வேறு. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் தென் தீவில் புத்த விகாரம் இருந்தது. அது இடிக்கப்பட்டது, பிக்குகள் தலைநகரான மாலேக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர், விகாரத்தின் இடத்தில் பள்ளிவாசல் எழுந்தது, அதன் செலவுக்கு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. இவற்றை எழுதியவர் பகைவரல்லர்; ஆணையிட்ட அரசே பெருமையோடு பதிந்து வைத்தது. நிலத்தைப் புதிய அறத்துக்கு மாற்ற வேண்டுமானால் அது முன்பு யாரிடம் இருந்தது என்று சொல்லியாக வேண்டும். உரிமையை நாட்ட வந்த ஏடு உண்மையையும் சொல்லிவிட்டது. ஆயினும் அந்தப் பிக்குகள் என்ன நினைத்தனர் என்பதற்கு ஏடு இல்லை.

ஆக, செப்பேட்டைப் படிக்கும் முறை ஒன்று நமக்குக் கிடைக்கிறது. ஏடு எதைப் புகழ்கிறது என்பதைவிட எதை நாட்ட முயல்கிறது என்று பார்க்க வேண்டும். எழுதிய செய்தி பொய்யானால் மறுக்க அருகில் ஆள் இருந்தாரா என்று கேட்க வேண்டும். எதிர்க்கரையின் ஏடு உண்டா என்று தேட வேண்டும். கடாரத்தைப் பற்றிக்கூட இவ்வாறு தேடினால் வேறொரு முகம் தெரியும். லெய்டன் நகரின் பெயரால் வழங்கும் ஆனைமங்கலச் செப்பேட்டில், 1006-ஐ ஒட்டி, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்த விகாரத்துக்கு இராசராசன் ஊர் கொடுக்கிறான். இருபது ஆண்டுகளுக்குள் நட்பு போராக மாறியது. திருவாலங்காட்டுச் செய்யுள் அந்த நட்பைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எதிர்க்கரையின் ஏடே கிடைக்காத மக்களும் உண்டு. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தையும், அதாவது நிக்கோபாரையும், வென்ற இடங்களின் பட்டியலில் சேர்க்கிறது. சோலைகள் நிறைந்தது என்ற ஓர் அடைமொழியோடு அது நின்றுவிடுகிறது. அங்கே வாழ்ந்தவர்கள் செம்பில் எழுதும் மரபினர் அல்லர். அவர்களது வரலாற்றை அவர்கள் மொழியிலும், வாய்மொழிக் கதைகளிலும், மண்ணுக்குள் புதைந்த பொருள்களிலும்தான் தேட வேண்டும். ஏடு இல்லாமையால் வரலாறு இல்லை என்று முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது.

இது ஏதோ தொலைதூரத்துச் செய்தி என்று எண்ண வேண்டாம். திருவாலங்காடு இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் பழவேற்காடு ஏரி உள்ளது. அதன் கரைகளிலும் தீவுகளிலும் மீனவர் ஊர்கள் இருக்கின்றன. எந்த ஊரார் எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பில் வலை இடுவது என்பதைப் பாடு என்னும் முறையால் வகுத்து வந்திருக்கிறார்கள். அந்த முறை தலைமுறை தலைமுறையாக நினைவிலும் ஊர்க் கூட்டத்திலும் வாழ்கிறது. சற்று மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு மனைக்கும் எல்லைக்கல் உண்டு, பதிவேடு உண்டு. நிலத்துக்கு எழுத்து, நீருக்கு நினைவு. பழையனூர் வயலின் எல்லையை யானை நடத்திச் செம்பில் வெட்டிய காலத்திலும் கடல் நீருக்கு எல்லை வெட்டியவர் இல்லை.

மாணவர்களே, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்லும்போது அங்குள்ள செப்பேடுகளைச் சற்று நின்று பாருங்கள். முத்திரையின் புலியையும் மீனையும் வில்லையும் பார்த்து மகிழுங்கள். பிறகு உங்கள் ஊரில் எழுதப்படாமல் வழங்கிவரும் உரிமைகள், ஒப்பந்தங்கள், இடப்பெயர்கள் எவை என்று முதியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார், அதை மறுப்பவர் உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சோழ நாட்டுக் கணக்கர் பழையனூர் எல்லைக்குக் காட்டிய கவனத்தை நீங்கள் அவற்றுக்குக் காட்டினால் போதும்.