லாரிக்கும் ஆளுக்கும் நடுவே

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் பேரருவிக்குப் போகும் வழியின் இருபுறமும் கடைகள் முளைத்துவிடும். மங்குஸ்தான், ரம்புட்டான், நேந்திரங்காய் சிப்ஸ், துண்டு, செப்புச் சாமான். அவற்றுக்கு மேலே, தார்ப்பாயைத் தாங்கும் கம்பியில் பாலிதீன் பையோடு தொங்கும் பிளாஸ்டிக் பொம்மைகள். என் கைக்கு வந்த முதல் ரோபோ அந்தக் கம்பியிலிருந்து இறங்கியதுதான். சிவப்பு முகப்பும் நீலப் பின்பக்கமும் கொண்ட ஒரு லாரி. முகப்பின் இரு பக்கங்களையும் திருப்பினால் கைகள் வரும். பின்பக்கத்தை இழுத்து நிமிர்த்தினால் கால்கள் வரும். இடது தோள் மட்டும் இறுக்கம். அதைத் திருப்பும்போதெல்லாம் உடைந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கள் சுந்தரபாண்டியபுரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் மின்வாரியம் தெருமுனையில் நிறுத்தியிருப்பதுதான். இந்தப் பொம்மையை நாங்கள் ‘மாத்துற லாரி’ என்றோம்.

அதே சிவப்பு நீல லாரி, அசலாகவும் விலை உயர்ந்ததாகவும், எனக்குப் பழக்கமான மூன்று வீடுகளில் இன்று இருக்கிறது. செங்கோட்டையில் ஒரு வீட்டில் அது லாரியாக நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் அது எழுந்து நின்றதே இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் நெஞ்சை நிமிர்த்திய ஆளாக நிற்கிறது. அதன் சக்கரங்கள் தரையைத் தொட்டதில்லை. மதுரையில் இருப்பது பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் மூவரும் சேர்ப்பது ஆப்டிமஸ் பிரைம் என்ற ஒரே பாத்திரத்தை. ஆனாலும் ஒருவர் அலமாரியைப் பார்த்து மற்றவர் வருத்தப்படுவார். வசதியும் வயதும்தான் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இந்தப் பொம்மையின் சொந்த உருவம் எது என்ற கேள்விக்கு மூவரிடமும் மூன்று பதில்கள் இருக்கின்றன. மற்ற எல்லா விருப்பு வெறுப்புகளும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கேள்வி பொம்மையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ.ஜோ என்ற ஓரடி உயரப் படைவீரனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் உரிமம் பெற்று அதை விற்ற டகாரா நிறுவனம், அந்த உடலையே உள்ளுறுப்பு தெரியும்படி நிறமற்ற பிளாஸ்டிக்கில் வார்த்து 1972-இல் ஹென்ஷின் சைபார்க் ஆக்கியது. அடுத்து எண்ணெய் நெருக்கடி வந்தது, பிளாஸ்டிக் விலை ஏறியது. 1974-இல் சைபார்க் விரல் நீளத்துக்குச் சுருங்கி மைக்ரோமேன் ஆனான். 1980-இல் டயாகுளோன் வந்தது: குட்டி ஓட்டுநர்கள் ஏறி உட்காரும் வண்டிகளும் எந்திரங்களும். 1983-இல் மைக்ரோ சேஞ்ச் வந்தது: வீட்டில் கிடக்கும் கேசட் ரெக்கார்டரும் மைக்ராஸ்கோப்பும் எழுந்து நின்றன. இந்த இரண்டு வரிசைகளையும் ஹாஸ்ப்ரோ எடுத்துக்கொண்டு, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று ஒரே பெயரில் விற்றது. மார்வெல் காமிக்ஸின் பாப் புடியான்ஸ்கி பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் எழுதிக்கொடுத்தார். ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயர் டென்னிஸ் ஓ’நீல் வைத்தது.

டயாகுளோனில் அந்த லாரி ஒரு வண்டி. அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஓட்டுநரை இறக்கிவிட்டார்கள். வண்டிக்கே உயிர் வந்தது. டிரெய்லரைத் திறந்தால் உள்ளே குட்டி ஓட்டுநர் உட்காருவதற்கான இடம் மட்டும் காலியாக மிஞ்சியிருந்தது. வண்டியாகப் பிறந்து, கதையில் ஆளான பொம்மை இது. செங்கோட்டைக்காரர் பிறப்பைப் பிடித்துக்கொண்டார், பாளையங்கோட்டைக்காரர் கதையைப் பிடித்துக்கொண்டார்.

செங்கோட்டைக்காரர் புளியரை எஸ் வளைவில் வைக்கோல் லாரிகள் மூச்சிரைத்து ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர். அவருக்கு 1984-இன் தட்டை முகப்பு லாரி சரி. 2007 திரைப்படத்தில் அதை நீண்ட மூக்குள்ள பீட்டர்பில்ட் ஆக மாற்றினார்களே, அதையும் அவர் ஏற்றுக்கொண்டார். அது சாலையில் ஓடும் வண்டி. அவர் ஏற்காதது இரண்டிலும் சேராத எதிர்கால வண்டிகளைத்தான். அவர் அலமாரியின் மேல்தட்டில் இருப்பவை 2003-இல் டகாரா தொடங்கிய பினால்டெக் வரிசைக் கார்கள். கார் நிறுவனங்களிடம் உரிமம் பெற்று 24-இல் ஒரு பங்கு அளவில் செய்தவை. உலோக உடல், ரப்பர் டயர், திறக்கும் கதவு. அந்த வரிசையின் முதல் வண்டி சுபாரு இம்ப்ரெஸா பந்தயக் கார். அதைக் கையில் எடுத்தால் அவர் முதலில் பார்ப்பது பானெட்டுக்கும் கதவுக்கும் இடையிலான இடைவெளியைத்தான். ஒரு நூலுக்கு மேல் விலகியிருந்தால் அந்தப் பொம்மை அவருக்குத் தோற்றுவிட்டது. உள்ளே ஒரு ஆள் மடிந்து கிடக்கிறான் என்பது வெளியே தெரியக் கூடாது. மறைந்திருப்பதுதான் இந்தப் பொம்மையின் கலை என்பது அவர் கட்சி. ஆங்கில விளம்பரத்திலும் மாறுவேட ரோபோக்கள் என்றுதானே சொன்னார்கள் என்று அவர் கேட்டால் மறுக்க முடிவதில்லை.

பாளையங்கோட்டைக்காரர் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனை நம்புகிறவர். ஒரே பாத்திரத்துக்கு மாஸ்டர்பீஸ் வரிசையில் மூன்று முறை உடல் கொடுத்திருப்பதை அவர் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2003-இல் வந்த முதலாவது கனத்த உலோகத்தோடு ஓரடி உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கிறது. 2011-இல் வந்தது சற்றே சிறியது. லாரியும் ஆளும் ஓரளவு சமரசத்தில் வாழ்வது அதில்தான். 2019-இல் வந்தது முழுக்க ஆளின் பக்கம் சாய்ந்துவிட்டது. கார்ட்டூன் வரைந்தவர்கள் வரைவதற்கு எளிதாகக் கோடுகளைக் குறைத்தார்கள்; அந்தக் குறைந்த கோடுகளைப் பொம்மையில் கொண்டுவர லாரியின் ஒவ்வொரு துண்டையும் முதுகுக்குள்ளும் காலுக்குள்ளும் ஒளிக்க வேண்டியிருக்கிறது. அதனால் மடிப்பு கூடிக்கொண்டே போகிறது. சில வரிசைகளில் ஆளின் நெஞ்சில் தெரியும் கண்ணாடி லாரியின் கண்ணாடியே அல்ல. நிஜக் கண்ணாடி உள்ளே மடங்கிவிட, அதே போன்ற போலி ஒன்று வெளியே வருகிறது. செங்கோட்டையில் இதற்குப் பெயர் ஏமாற்று. பாளையங்கோட்டையில் இதற்குப் பெயர் துல்லியம். மறையாமல் தொங்கும் கதவையும் சக்கரத்தையும் சேகரிப்பவர்கள் ‘கிப்பிள்’ என்பார்கள். ஒரு பொம்மையின் மதிப்பு பாளையங்கோட்டை வீட்டில் பெரும்பாலும் கிப்பிளில்தான் விழுகிறது அல்லது எழுகிறது.

மதுரைக்காரரைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. பெட்டியின் ஓவியத்தையும், பிரிக்காத பொருளில் நின்றுபோயிருக்கும் காலத்தையும் அவர் காக்கிறார். அந்த உழைப்பை மதிக்கிறேன். ராமபாணப் பூச்சியிடமிருந்து நாற்பது வருட அட்டையைக் காப்பாற்றுவது சிறு வேலை அல்ல. ஆனால் அந்தப் பொம்மை மாறாமல் இருக்கும்வரை எனக்கு அது படமாகவே இருக்கிறது.

எனக்கு லாரியும் வேண்டும், ஆளும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இடையில் நடப்பது வேண்டும். என்னைப் போன்றவர்களை மடிப்புக் கட்சி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கீல் திரும்பும்போது அதனோடு இணைந்த இன்னொன்று தானாக நகரும் இடம், ‘டக்’ என்று பிடிப்பு விழும் ஓசை, விரல் எங்கே அழுத்த வேண்டும் என்று பொம்மையே சொல்லித்தரும் விதம், இவைதான் எங்கள் அளவுகோல். 1985-இன் கட்டுமான வண்டிகள் ஆறும் சேர்ந்து டெவஸ்டேட்டர் என்ற ஒரே அரக்கனாகும்போது, தனியாக மோசமாகத் தெரிந்த ஒரு வண்டி கூட்டுக்குள் காலாகி நிற்பதைப் பார்த்தால் அதன்மேல் இருந்த குறை மறந்துபோகும். 2010-இல் ‘எந்திரன்’ படத்தின் இறுதியில் ரோபோக்கள் பந்தாகவும் பாம்பாகவும் திரண்டபோது திரையரங்கில் விசில் பறந்தது. நான் ஒவ்வொரு ரோபோவும் அடுத்ததை எங்கே பிடித்துக்கொள்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். 2021-இல் ரோபோசென் நிறுவனம் குரல் கேட்டுத் தானே மாறும் ஆப்டிமஸ் பிரைமை அறிவித்தது. 27 சர்வோ மோட்டார், 60 மைக்ரோசிப், 699 டாலர் விலை. வீடியோவில் பார்த்து வியந்தேன். வாங்கும் ஆசை வரவில்லை. என் விரல் செய்ய வேண்டியதை மோட்டார் செய்துவிடுகிறது.

இவர்களைத் தவிர இன்னொரு கூட்டமும் உண்டு, அவர்களை எங்கள் ஊரில்தான் பார்த்தேன். ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால் மலையாளக் கரையிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வருவார்கள். 1992-இல் ‘ரோஜா’ படமெடுத்த ஊர் என்ற பெயரும் கூட. அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் ஓர் இளைஞர் வரப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு மஞ்சள் பம்பிள்பீயைப் பூவுக்குக் கீழே நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார். பம்பிள்பீ 1984-இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 2007 திரைப்படத்தில் கமாரோ. அவரிடம் இருந்தது கமாரோ. எது நல்லது என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவருக்கு முக்கியமாகப் படவில்லை. முழங்காலில் கிர் கிர்ரென்று பற்சக்கரம் பிடிக்கிறதா, பாதத்தில் கனம் இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை. ஆடிக்காற்று அந்தப் பொம்மையை நாலு தடவை தள்ளிவிட்டது. ஐந்தாம் தடவை பாதத்தை ஈர மண்ணில் புதைத்து நிறுத்தினார்.

முதல் பொம்மை எப்படி வந்தது என்பதைப் பொறுத்தும் ரசனை அமைகிறது. மேலை நாட்டுச் சேகரிப்பாளருக்கு முதலில் கிடைத்தது அசல். பிரதி என்றால் திருட்டு. எங்களுக்கு முதலில் கிடைத்ததே பிரதி. குற்றாலத்துக் கம்பியில் தொங்கியது எந்த உரிமமும் இல்லாத ஒன்று என்பது எனக்குத் தெரிய இருபது வருடம் ஆனது. அதனால் உரிமமில்லாப் பிரதியைக் குறிக்கும் ‘கேஓ’ என்ற சொல்லை எங்களால் வெறுப்போடு உச்சரிக்க முடிவதில்லை. இன்றைய சீனப் பிரதிகள் அசலைவிடப் பெரிதாகவும் உலோகம் கூட்டியும் வருகின்றன. பெயரைச் சொல்லாமல் புதிய வடிவமே வரையும் ‘தேர்ட் பார்ட்டி’ சிறு நிறுவனங்களும் பெருகிவிட்டன. பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அசலைத் தேடுபவர் ஒன்றுக்கு இரண்டாய்க் கொடுக்க வேண்டிய நிலையில், பிரதி வாங்குபவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. வடிவமைத்தவரின் உழைப்பு களவுபோகிறது என்பதும் உண்மைதான். அந்த இரண்டு உண்மைகளையும் என்னால் இணைக்க முடியவில்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்று இந்த அசல் பிரதி வழக்கைத் தலைகீழாக்குகிறது. சென்னையின் எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல், 1990-களில் ஜி.ஐ.ஜோ வீரர்களை இந்தியாவிலேயே வார்த்தது. ஓரடி வீரன் அல்ல, 1982-க்குப் பிறகு மூன்றேமுக்கால் அங்குலமாகக் குறுகியவன். ஹாஸ்ப்ரோவின் அச்சுகள்தான், ஆனால் நிறம் வேறு. அமெரிக்காவில் காட்டுப் பச்சையாக வரவேண்டியவன் இங்கே பளிச்சென்ற வேறொரு நிறத்தில் வந்தான்; ஒருவன் தலை இன்னொருவன் உடலில் ஏறியது. நம் பிள்ளைகள் அதை வைத்துத் தெருப்புழுதியில் விளையாடித் தீர்த்தார்கள். பிறகு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அந்த ‘தவறான’ நிறங்களைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். டகாராவின் ரோபோக்கள் கிளைத்த அதே வேரிலிருந்து வந்த பொம்மை, நிறம் மாறிய காரணத்தாலேயே அரியதானது. பாளையங்கோட்டைக்காரரிடம் இதைச் சொன்னபோது, அவர் முதல்முறையாகத் தன் அலமாரியை ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார்.

எல்லாக் கட்சிக்கும் பொதுவான எதிரி காலம். வெள்ளை பிளாஸ்டிக் வெயில் பட்டு மஞ்சளாகிறது. வெள்ளைப் போர்விமானமாக மாறும் 1985-இன் ஜெட்ஃபயர் இதில் பேர்போனது. தங்க நிறத் துகள் கலந்து வார்த்த பிளாஸ்டிக் சில ஆண்டுகளில் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போய், ஒரு நாள் கீலைத் திருப்பும்போது மாவாக உதிர்ந்துவிடும். தங்க நிறம் கண்டால் சேகரிப்பவர்கள் மாற்றிப் பார்க்கவே அஞ்சுவார்கள். வெள்ளித்தாள் ஸ்டிக்கர்கள் சாரல் மாதங்களில் ஓரம் தூக்கிக்கொள்ளும். எங்கள் பக்கத்து ஈரத்தில் முதலில் போவது திருகாணி. துருப்பிடித்த தலையில் திருப்புளி பிடிக்காது.

என் மாத்துற லாரி போன வருடம் தோளில் விட்டுப்போனது. சின்ன வயதில் நான் அஞ்சிய அதே இடது தோள். உள்ளே இருந்த கம்பி துருவாகியிருந்தது. தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்.

“இது எந்தப் பக்கம் மடங்கணும் தம்பி?”

காட்டினேன். ஒரு பழைய போக்ஸ் கம்பியை வெட்டி, அரத்தில் நுனியைத் தேய்த்து, துளையில் செருகி, மெல்லத் தட்டினார். நான் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. லாரியிலிருந்து ஆளாக, ஆளிலிருந்து லாரியாக அவரே மூன்று தரம் மாற்றிப் பார்த்தார். மூன்றாம் தரம் தோளில் சொட்டு எண்ணெய் விட்டார். இப்போது அது என் மேசைமேல் இருக்கிறது. கை இறுக்கம் போய் இலகுவாகத் திரும்புகிறது. லாரியாக்கினால் இடது கதவு ஒரு நூல் விலகியே நிற்கிறது.