கவரிமாவும் கவரிமானும்: விலங்கு நம்பிக்கைகளும் மொழிபெயர்ப்பும்

விலங்குகளின் இயல்பு பற்றிய நம்பிக்கைகள் மக்களிடையே கதைகளாக மட்டும் வழங்குவதில்லை; உவமைகளாகவும் சொற்களாகவும் நிலைபெறுகின்றன. அவ்வாறு சொல்லுக்குள் புகுந்துவிட்ட நம்பிக்கையை அகராதியும் உரையும் மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கின்றன. இதற்குத் தெளிவான சான்று திருக்குறளில் மானம் என்னும் 97ஆம் அதிகாரத்தில் வரும் 969ஆம் குறள். மானத்தின் பொருட்டு உயிர் நீப்போருக்கு அக்குறள் கவரிமாவை உவமையாக்குகிறது. மேடைகளிலும் வகுப்பறைகளிலும் பரவலாகக் கூறப்படும் விளக்கமோ, கவரிமான் என்றொரு மான் உண்டு, அதன் உடலிலிருந்து ஒரு மயிர் உதிர்ந்தாலும் அது உயிரை விட்டுவிடும் என்பதாகும். இவ்விளக்கத்தில் மான் என்பது ஒரு செய்தி. ஒரு மயிர் என்பது மற்றொரு செய்தி. இரண்டும் வேறுவேறு வழியில் வந்தவையாதலின் தனித்தனியே ஆராயத்தக்கன.

குறளில் உள்ள சொல் கவரிமா. மா என்பது விலங்கு என்னும் பொதுப்பொருள் தரும் பழஞ்சொல். அரிமா சிங்கம், பரிமா குதிரை. ஊர்தோறும் உள்ள அரிமா சங்கத்தின் பெயரைக் கேட்டு எவரும் மானை நினைப்பதில்லை. கவரிமா மட்டும் மானானமைக்குக் காரணம், தமிழ்நாட்டார் அவ்விலங்கைக் கண்டறியாமையே. புறநானூற்று 132ஆம் பாடல் கவரியை இமயத்தில், நரந்தம்புல் மேய்ந்து சுனைநீர் பருகித் தகர மரத்து நிழலில் தங்குவதாகக் காட்டுகிறது. பதிற்றுப்பத்தின் 11ஆம் பாடலிலும் அதன் இடம் இமயமே. ஆனால் அங்கே அது முருக்க மரங்கள் செறிந்த சரிவில் துயில்கிறது. மரமற்ற உயர்நிலங்களில் மேயும் யாக் விலங்குக்கு இக்காட்சி பெரிதும் பொருந்தாது. புலவர் கேள்வியால் அறிந்ததைப் பாடினார் எனக் கொள்வதே தகும்.

இலக்கண மரபும் இம்மயக்கத்துக்கு ஓரளவு இடந்தந்தது எனலாம். தொல்காப்பிய மரபியல் பெண்பாற் பெயர்களை வகுக்குமிடத்துப் புல்வாய், நவ்வி, உழை ஆகிய மானினங்களோடு கவரியையும் சேர்த்துப் பிணை என்னும் பெயரை உரிமையாக்குகிறது. புறநானூற்றுக் கவரியும் பிணையோடுதான் தங்குகிறது. பிற்காலத்தில் பிணை என்றாலே பெண்மான் என்றாகிவிட்ட பிறகு, பிணையையுடைய கவரி மானன்றி வேறென்னவாக இருக்க முடியும் என்று படிப்பவர் கருதியிருத்தல் இயல்பு. மானம் என்னும் சொல்லின் ஒலியும் துணைசெய்தது போலும்! 1979இல் கவரிமான் என்ற பெயரிலேயே சிவாஜி கணேசன் நடித்த திரைப்படம் வெளிவந்தது. அப்பெயருக்கு விளக்கம் எவருக்கும் தேவைப்பட்டிராது.

விலங்கைக் குறிக்கும் பொதுச்சொல் மானைக் குறிக்கும் சிறப்புச்சொல்லாகக் குறுகுதல் பிற மொழிகளிலும் உண்டு. வடமொழி மிருக என்பது காட்டுவிலங்கையும் மானையும் ஒருங்கே குறிக்கும். மைசூருவில் 1892இல் நிறுவப்பெற்ற சாமராஜேந்திர விலங்குக் காட்சிசாலை கன்னடத்தில் மிருகாலயம் எனப்படுகிறது. அதே சொல் மிருகசீரிடம் என்னும் நாள்மீன் பெயரில் மானைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் மானைக் குறிக்கும் டீர் என்னும் சொல்லும் பழைய ஆங்கிலத்தில் விலங்கு என்ற பொதுப்பொருளே உடையது. அதன் இனச்சொல்லாகிய ஜெர்மன் டீர் இன்றும் விலங்கையே குறிக்கிறது. எனவே கவரிமா மானானதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட இயலாது. கன்னடம் யாக்கைச் சமரீமிருகம் என்கிறது. சாமரம் என்ற சொல்லோடு அப்பெயரின் உறவு வெளிப்படையாக உள்ளது. தமிழிலும் கவரி என்ற சொல்லே சாமரத்தைக் குறிக்கும். கவரி வீசுதல் என்னும் வழக்கு இருந்தும் அதன் மயிர் எவ்விலங்கினது என்ற நினைவு மட்டும் மறைந்தது.

இனி, ஒரு மயிர் என்னும் செய்தி. குறளில் மயிரின் அளவு கூறப்படவில்லை. மயிர்த்திரளில் ஒரு மயிர் நீங்கினும் வாழாது என அளவைக் குறுக்கியவர் பரிமேலழகர். உயிரினும் மானம் பெரிது என்பதை மிகுவிக்க இக்குறுக்கம் உதவியது உண்மை. ஆனால் நம்பிக்கையின் பழைய வடிவம் வேறு. பாலி நூலாகிய புத்தவம்சம், வால்மயிர் எதிலேனும் சிக்கிக்கொண்டால் அதனை அறுத்துக்கொள்ளாது அங்கேயே உயிர்விடும் சமரியைக் கூறி, ஒழுக்கத்தை அவ்வாறு காக்க வேண்டும் என்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் விசுத்திமக்கத்தில் இதே உவமையை ஆள்கிறார். உதிர்ந்த மயிருக்காக வருந்தி இறப்பதும், மயிரைக் காக்கும் பொருட்டு இறப்பதும் ஒன்றல்ல. பின்னது மானம் என்ற அதிகாரத்துக்கு நெருக்கமானது.

அண்மைக் காலத்தில் குறளை அறிவியலோடு இசைவிக்கும் மற்றொரு விளக்கமும் செல்வாக்குப் பெற்றுள்ளது. யாக் கடுங்குளிரில் வாழ்வது, மயிர்ப்போர்வை நீங்கின் குளிரால் மடியும், வள்ளுவர் இதனையே கூறினார் என்பது அவ்விளக்கம். வாழா என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் விருப்பத்தையோ இயற்கையையோ சுட்டாது நிற்பதால் இலக்கணம் இதற்கு முற்றிலும் தடையன்று. எனினும் மயிர்நீப்பின், உயிர்நீப்பர் என ஒரே வினையை இருமுறை வைத்த அமைப்பில் பின்னது தாமே செய்யும் செயல். குளிரால் மடியும் விலங்கிடம் அச்செயல் இல்லை. மேலும் யாக் ஆண்டுதோறும் வெப்பம் தொடங்கும் பருவத்தில் உள்மயிரை உதிர்க்கிறது. வளர்ப்போர் அதனைச் சீவி எடுக்கின்றனர். நீண்ட மயிரைக் கத்தரித்துக் கயிறும் கூடாரத் துணியும் செய்கின்றனர். விலங்கு நலமாகவே இருக்கிறது. குறளைக் காப்பாற்ற எழுந்த இவ்விளக்கமும் ஒரு புதிய நாட்டார் நம்பிக்கையே. வள்ளுவர் தம் காலத்து நம்பிக்கை ஒன்றை உவமையாக ஆண்டார் என்று ஒப்புக்கொள்வதால் குறளுக்கு எக்குறையும் நேராது.

மொழிபெயர்ப்பாளர் நிலை இங்குக் கருதத்தக்கது. 1885இல் ஜான் லாசரஸ் இவ்விலங்கை யாக் என்றே பெயர்த்தார். 1886இல் ஜி.யு. போப் காட்டெருது என்றார். மயிரைக் கற்றை எனக் கொண்டமையால், அவர் அறிந்தோ அறியாமலோ பாலி மரபின் வாலுக்கு அருகில் வந்துவிட்டார். சுத்தானந்த பாரதியும் யாக் என்றே எழுதினார். ஆங்கிலத்தில் குறள் படிப்போர் சரியான விலங்கை அறிய, தமிழில் படிப்போர் மானை அறிகின்றனர். வழக்கிலுள்ள தமிழ் விளக்கத்தை மட்டும் நம்பிப் பிற இந்திய மொழிகளுக்குப் பெயர்ப்பவர் இப்பிழையையும் உடன் எடுத்துச் செல்வர். அகராதி விலங்கை உள்ளபடி சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பு நம்பிக்கையை உள்ளபடி தரவேண்டும். யாக் என்று எழுதிவிட்டு அது மயிருக்காக உயிர்விடும் என்பதையும் மாற்றாமல் விடுதலே நேர்மை.

அன்னத்தின் நிலை இதற்கு மறுதலை. அங்கே விலங்கைத் திரித்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்களே. வடமொழி ஹம்சம் வாத்தினத்துப் பறவை என்பதை ஃபோகல் 1962இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். நஞ்சன்கூடு வட்டத்து ஹதினாரு ஏரியிலும் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் குளிர்காலத்தில் இமயம் கடந்து வந்து தங்கும் வரித்தலை வாத்து அவ்வினத்தது. ஆயினும் ஆங்கிலத்தில் கூஸ் என்பது பேதைமையைக் குறிக்கும் சொல்லாதலின் பலர் ஸ்வான் என்றே எழுதினர். பாலையும் நீரையும் பிரிக்கும் பறவைக்கு அதுவே தகும் என்று கருதினர் போலும். நாலடியாரின் 135ஆம் செய்யுள் அத்திறனை அன்னத்துக்குத் தராமல் குருகுக்கே தருகிறது என்பது இங்கு நினைக்கத்தக்கது. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கும் இடர் உண்டு. வாத்து என்ற ஒரே சொல் டக், கூஸ் இரண்டையும் ஏற்பதால் அன்னத்தை வாத்தெனக் கூற மனம் ஒப்புவதில்லை.

இவ்விரண்டிலும் சேராதது அசுணம். இன்னிசைக்கு மயங்கி, பறையொலி கேட்ட அளவில் மாயும் இதனை விலங்கு என்பாரும் பறவை என்பாரும் உளர். அசுணம் கொல்வோர் கையைப் பாடும் நற்றிணை 304ஆம் பாடலுக்கு எந்தக் காட்டிலும் ஒரு விலங்கைத் தேடவேண்டியதில்லை. அசுணம் என்ற சொல்லை அவ்வாறே பெயர்ப்பில் இட்டு, அடிக்குறிப்பில் நம்பிக்கையைச் சொன்னால் போதும்.